அப்பாவுக்கு ஸ்ட்ரோக் – ரிட்டயர் ஆன ஆளுக்கு என்ன "தொழில்வழிச் சிகிச்சை"?

வெள்ளவத்தை_மகள்

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீட்டா எழுதப்போறன், பொறுத்து வாசியுங்கோ.

அப்பாவுக்கு 68 வயசு. புறக்கோட்டையில ஒரு புடவைக்கடையில முப்பது வருசத்துக்கு மேல கணக்குப் பாத்தவர், இப்ப ரிட்டயர் ஆகி வீட்டில. ஆறு கிழமைக்கு முந்தி விடிய எழும்பிப் பல் தீட்டப் போனவர், கையில பிரஷ் நிக்குதில்லை பிள்ளை எண்டு சொன்னார், நான் ஓடிப்போய்ப் பாத்தா வாய் ஒரு பக்கம் கோணிப்போய்க் கிடக்கு. 1990 எண்ட நம்பருக்கு அடிச்சு அம்புலன்ஸில கொண்டுபோய் ஸ்கேன் எடுத்து, மூளையின்ர இடப்பக்கத்தில ரத்தக்கட்டி அடைச்சிருக்கு எண்டு சொன்னவை. நித்திரையில எத்தினை மணிக்குத் தொடங்கினது எண்டு தெரியாதபடியா கட்டி கரைக்கிற ஊசி போடேலாமப் போச்சு, அது தொடங்கி நாலரை மணித்தியாலத்துக்குள்ள போடோணுமாம்.

இப்ப கால் பரவாயில்லை, வோக்கர் பிடிச்சு ஹோலுக்குள்ள நடக்கிறார். வலக்கைதான் பிரச்சினை. தோள் கொஞ்சம் அசையும், விரலை மடக்குவார், விரிக்கத்தான் ஏலாது. கதையும் தடக்குது, சொல்ல வந்த சொல்லு வராம கண் கலங்குவார்.

ஆஸ்பத்திரியில துண்டு வெட்டி வீட்டை விடேக்க கார்டில ஃபிசியோ, ஓ.டி. ரெண்டும் தொடரோணும் எண்டு எழுதியிருந்தது. ஓ.டி. எண்டதும் ஒப்பரேசனோ எண்டு எனக்குப் பயம் பிடிச்சிட்டுது, பிறகு கேட்டா ஒக்கியுபேஷனல் தெரபியாம், தமிழில தொழில்வழிச் சிகிச்சையாம். அம்மா உடனே, இந்த மனுசன் இனி எந்தத் தொழிலுக்குப் போகப்போறார், ஃபிசியோ மட்டும் காணும், அதை விடு எண்டிட்டா. உண்மையா எனக்கும் அப்பிடித்தான் பட்டது.

எண்டாலும் ஒருக்காக் கூட்டிக்கொண்டு போனனான். அங்க இருந்த மிஸ் நல்ல பிள்ளை, ஆனா முழுக்கச் சிங்களத்தில கதைச்சவ. அப்பா ஒருகாலம் புறக்கோட்டையில சிங்களத்தில பேரம் பேசின மனுசன்தான், ஸ்ட்ரோக்குக்குப் பிறகு சிங்களம் ஒரு சொல்லும் வருதில்லை, தமிழ்தான் கொஞ்சம் கொஞ்சமா வருது. அவ என்ன கேட்டாலும் தலையை ஆட்டிக்கொண்டு இருந்தார். என்னை வெளியில நிக்கச் சொல்லிட்டினம். கடைசியில கொப்பியைப் பாத்தா ஒத்துழைக்கிறார் இல்லை எண்ட மாதிரி எழுதிக்கிடக்கு. எனக்கு நெஞ்சு வெடிச்சுப்போச்சு. ஒத்துழைக்கேல்லையாம், வாழ்க்கையில ஒருநாள் லீவு எடுக்காத மனுசன்.

இப்ப வீட்டில நாங்களே எல்லாம் செய்துவிடுறம். தீத்திறது, குளிக்க வாக்கிறது, உடுப்பு மாத்திறது, சவரம், எல்லாம். ஓ.டி.யால உண்மையிலேயே பிரயோசனம் இருக்கோ? அனுபவப்பட்ட ஆக்கள் சொல்லுங்கோ.

---

கைவேலை

தங்கச்சி, நான் கொழும்பில ஓ.டி.யாத்தான் வேலை செய்யிறன். அப்பாவைப் பாக்காம இங்க வைத்தியம் சொல்லேலாது, பொதுவா விளங்கப்படுத்திறன்.

அந்தத் தொழில்வழி எண்ட பேராலதான் எங்கட சனத்தில பாதிப்பேர் வராமலே நிண்டுபோகினம். இங்க தொழில் எண்டது சம்பளத்துக்குச் செய்யிற வேலை இல்லை, ஒரு மனுசர் ஒரு நாளில செய்யிற அவ்வளவும் தொழில்தான், முகம் கழுவிறது, சாரம் உடுக்கிறது, சாப்பிடுறது, சாமி கும்பிடுறது, பேரப்பிள்ளைக்குக் கணக்குச் சொல்லிக்குடுக்கிறது எல்லாம். ஃபிசியோ கூடுதலா நடை, பலம், சமநிலை எண்டு பாப்பினம். நாங்கள் அந்தப் பலத்தைக் கொண்டு அப்பா பாத்ரூமுக்குள்ள தனியா என்ன செய்வார் எண்டு பாப்பம். ஆஸ்பத்திரிகளில பார்த்தெல் அட்டவணை எண்டு ஒண்டு போடுறவை, 1965ல வந்தது, பத்து விசயத்துக்கு 100 புள்ளி. சாப்பாடு, குளிப்பு, உடுப்பு, கக்கூசுக்குப் போய்வாறது, படி ஏறுறது, இப்பிடித்தான் அந்தப் பத்தும். நோயாளி எவ்வளவு தேறியிருக்கிறார் எண்டதை அளக்கிறதே இந்த வீட்டு விசயங்களாலதான்.

இந்தத் துறைக்கு 1917ல அமெரிக்காவில, நியூயோர்க் மாநிலத்தில கிளிஃப்டன் ஸ்பிரிங்ஸ் எண்ட ஊரில கூடித்தான் சங்கம் தொடங்கினவை. அதில ஒராள், ஜோர்ஜ் பார்ட்டன், கட்டடக் கலைஞர், அவருக்கே இடப்பக்கம் வழங்காமப் போனது. தோட்டவேலையும் மரவேலையும் செய்து செய்துதான் தன்னை மீட்டவர். நோயாளியா இருந்த ஒராள் உருவாக்கின துறை எண்டதை நான் எப்பவும் நினைச்சுக்கொள்ளுறனான்.

நீங்கள் எழுதினதில எனக்கு உறுத்தினது ஒரு வசனம்தான், "நாங்களே எல்லாம் செய்துவிடுறம்". அன்பிலதான் செய்யிறியள், எனக்கு விளங்குது. ஆனா மூளையில ஒரு பகுதி பழுதானாப்பிறகு மிச்சப் பகுதி அந்த வேலையைப் பழகிறது திரும்பத் திரும்பச் செய்யிறதாலதான், செய்யிறதுக்கு அவருக்கு நீங்கள் இடமே குடுக்காட்டி எதைப் பழகும்? ஏலாத கையைப் பாவிக்காம விட்டா மூளை அந்தக் கை இல்லை எண்டே பழகிப்போயிடும். வரக்கூடிய அசைவும் வராமப் போயிடும்.

மொழி விசயம் நீங்கள் சொன்னது சரி. ரெண்டு மூண்டு மொழி தெரிஞ்ச ஆக்களுக்கு மூளையில அடிபட்டா ஒவ்வொரு மொழியும் ஒரேயளவாத் திரும்பி வராது. அடுத்தமுறை போகேக்க, அப்பாவுக்குத் தமிழ்தான் விளங்குது, நான் பக்கத்தில நிண்டு சொல்லுறன் எண்டு முதலே கேளுங்கோ, பெரும்பாலும் விடுவினம். கொப்பியில எழுதினதையும் திருத்தச் சொல்லிக் கேக்கலாம், அதில வெக்கப்பட ஒண்டும் இல்லை. பேச்சு சிகிச்சையும் சேத்துக் கேளுங்கோ, அந்தப் பிள்ளையள் கனபேர் களனிப் பல்கலைக்கழகத்தின்ர ராகமை மருத்துவ பீடத்தில படிச்சு வந்தவை, தமிழ் கதைக்கிற ஆக்களும் இருக்கினம்.

---

கொச்சிக்கடை_தமிழ்

அக்கா, என் தம்பி கதைய சொல்றேன், ஸ்ட்ரோக் இல்ல, தலையில அடி. த்ரீவீல் ஓட்டுறவன், 29 வயசு, ராத்திரி கிராண்ட்பாஸ் பக்கம் லொறி ஒண்ணு தட்டி தலை அடிபட்டு பதினொரு நாள் நினைவில்லாம கெடந்தான். வீட்டுக்கு வந்தப்ப கை கால் எல்லாம் நல்லா இருந்துச்சு, அந்தோனியார் கோயிலுக்கு நேத்தி வச்சோம், அற்புதம்னு எல்லாரும் சொன்னாங்க. நாங்களும் எல்லாம் சரியாப் போச்சுன்னு நெனச்சோம்.

ஆனா பையன் காலையில உக்காந்தா உக்காந்த எடத்திலயே இருப்பான். குளிடான்னா சரிம்பான், எந்திரிக்க மாட்டான். அம்மா சோம்பேறி ஆயிட்டான்னு ஏசுனாங்க, மாமா வந்து அடிக்கவே போயிட்டாரு. அப்புறம் ஓ.டி. மிஸ் ஒருத்தங்க அவன ஒரு பிளேன்டீ போடச் சொன்னாங்க, நான் பக்கத்துல நின்னு பாத்தேன். கேத்தல்ல தண்ணி வச்சான், அடுப்பு பத்த வைக்கல. கொஞ்ச நேரம் நின்னான். அப்புறம் கப்புல சீனி போட்டான். மறுபடியும் சீனி போட்டான். தேயிலை டின்ன தெறந்து கையில வச்சிக்கிட்டு அடுத்து என்னான்னு தெரியாம என்னையப் பாத்தான். அந்தப் பார்வை இன்னும் என் கண்ணுல நிக்குது. நாங்க நாலு மாசமா சோம்பேறின்னு ஏசிக்கிட்டு இருந்தது இந்தப் புள்ளையத்தான்.

மிஸ் சொன்னாங்க, மூளையோட முன்பக்கம் அடிபட்டா ஒரு வேலைய தொடங்குறதும், அடுத்து என்னன்னு வரிசையா செய்யிறதும் போயிடும், சோம்பல் இல்ல, காயம்தான்னு. அப்புறம் டீ போடுறத ஏழு போட்டோவா எடுத்து குசினி செவத்துல வரிசையா ஒட்டினோம், ஒவ்வொண்ணா பாத்து செய்வான். குளிக்கிறதுக்கு போன்ல அலாரம். ஒண்ணரை மாசம் தெனமும். இப்ப போட்டோ இல்லாமலே போடுறான், எனக்கும் சேத்து.

---

மருதானை_மாமா

பிள்ளை, நான் வயசான ஆள், சொல்லுறதைத் தப்பா எடுக்காதேங்கோ. இந்த வருத்தத்துக்கு எண்ணெய்தான். எங்கட மச்சானுக்கு மூண்டு மாசம் எண்ணெய் பூசி, ஒத்தணம் குடுத்து, கையை நல்லா இழுத்து இழுத்து உருவினதிலதான் சரியானது. நோயாளிக்கு ஓய்வு குடுக்கோணும். இந்த வயசில அவரைப் போட்டு வேலை வாங்கிறது பாவம். கையுக்கு ஒரு ரப்பர் பந்து வாங்கிக் குடுங்கோ, நசுக்கிக்கொண்டு இருக்கட்டும்.

---

கைவேலை

மாமா, எண்ணெய் பூசுறதை நான் வேண்டாம் எண்டு சொல்லேல்லை, மெதுவாத் தடவிவிட்டா அவைக்கு ஆறுதலாயும் இருக்கும். ரெண்டு விசயம் மட்டும் பயம். ஒண்டு ஒத்தணம், ஸ்ட்ரோக் வந்த கையில கனபேருக்குச் சூடு தெரியாது, கொப்புளிச்சாப்பிறகுதான் வீட்டுக்காரர் காணுவினம், நான் கண்டிருக்கிறன். மற்றது இழுத்து உருவிறது. வழங்காத கையில தோள்மூட்டைச் சுத்தியிருக்கிற தசை தளர்ந்து கிடக்கு, கையின்ர பாரத்திலயே மூட்டு கீழ இறங்கும், அதில பிடிச்சு இழுத்தா தோள் நோ வரும், நோ வந்தா அவர் கையை அசைக்கவே விடமாட்டார். தூக்கி இருத்தேக்க கமக்கட்டுக்குள்ள கையைக் குடுத்துத் தூக்கிறதும் இதாலதான் கூடாது. கதிரையில இருக்கேக்க கைக்குக் கீழ தலையணை வையுங்கோ, தொங்கவிடாதேங்கோ.

பந்து விசயம் எல்லா வீட்டிலயும் நடக்குது. அந்தத் தங்கச்சி என்ன எழுதினவ எண்டு பாருங்கோ, விரல் மடக்குவார், விரிக்கத்தான் ஏலாது எண்டு. மடங்கிற பக்கம் ஏற்கெனவே இறுக்கமா இருக்கு. பந்தை நசுக்க நசுக்க அதே மடக்கிறதைத்தான் பழகிறார். அவருக்குத் தேவை திறக்கிறது, பிடிக்கிறது, பிறகு விடுறது. ஒரு கப்பைப் பிடிச்சு மேசையில வச்சு விரலை எடுக்கிறது பந்தை ஆயிரம் தரம் நசுக்கிறதை விடப் பிரயோசனம்.

ஓய்வு பற்றிச் சொன்னதில ஒரு நியாயம் இருக்கு மாமா. ஸ்ட்ரோக் வந்து 24 மணித்தியாலத்துக்குள்ளயே அடிக்கடி எழுப்பி நிக்கவச்சு நடத்தினா நல்லதோ எண்டு 5 நாட்டில 2104 பேரை வச்சுப் பாத்த ஆராய்ச்சி 2015ல வந்தது. வழமையாக் கவனிச்ச ஆக்களை விட அவைக்குப் பலன் குறைவு எண்டுதான் முடிவு. ஆக, முதல் நாளே போட்டு வதைக்கிறது சரியில்லை. ஆனா இந்தப் பிள்ளையின்ர அப்பாவுக்கு ஆறு கிழமை ஆச்சு, இப்ப கட்டிலோட வச்சிருக்கிற காலம் இல்லை.

---

தெஹிவளை_ரோஜா

எங்கட உம்மாட கதையையும் எழுதுறேன். உம்மாக்கு மூளையில வலப்பக்கம் வந்தது, இடக்கை கொஞ்சம் பலவீனம், பேச்சு சுத்தமா ஈக்கி, எங்களோட நல்லா சிரிச்சுப் பேசுவாங்க. ஆனா சாப்பாடு குடுத்தா ஒவ்வொரு நாளும், கறி வைக்கல்லையா மகள், சோறு மட்டுமா எண்டு கேப்பாங்க. நான் போய்ப் பாத்தா பீங்கான்ல வலப்பக்கம் துடைச்ச மாதிரி காலி, நடுவுல கோடு கிழிச்ச மாதிரி, இடப்பக்கத்துல இறைச்சியும் பருப்பும் வச்ச மாதிரியே ஈக்கி. பீங்கானைச் சுத்தி வச்சேன், அட, இப்பதான் கொண்டு வந்தியா எண்டு சாப்பிட்டாங்க. முக்காடு போட்டா ஒரு பக்கம் மட்டும் சரியா ஈக்கும். வாசல்ல போகக்குள்ள இடத்தோள் நிலையில மோதும். கண் டொக்டர்கிட்ட போனோம், கண்ல ஒண்டுமில்ல. நாங்க புத்தி பேதலிச்சுட்டுதோ எண்டு பயந்து போனோம்.

ஓ.டி. செஞ்சவங்கதான் சொன்னாங்க, கண் பாக்குது, மூளைதான் இடப்பக்கத்தைக் கணக்குல எடுக்கிறல்ல எண்டு. மேசையில இடப்பக்க ஓரமா சிவப்பு டேப் ஒட்டினாங்க. சாப்பிட முந்தி சிவப்பைத் தேடிப் பாக்கணும், அங்க ஈந்து தொடங்கணும். நாங்க பேசறதுக்கும் டீவி வைக்கிறதுக்கும் மெதுமெதுவா இடப்பக்கமா மாத்தினோம், முதல்லயே ஒரேயடியா இல்ல. ரோட்டைக் கடக்கிறது மட்டும் தனியா விடவே வேணாம் எண்டு கண்டிப்பா சொன்னாங்க, காலி வீதியில இடப்பக்கத்தால வாற பஸ் உம்மாக்கு இல்லாத பஸ்தானே.

மூணாம் மாசம் உம்மா தேங்காய் துருவணும் எண்டு அடம் பிடிச்சாங்க. மேசையில இறுக்கிற, கைபிடி சுத்துற துருவலைதான் எங்கட வீட்டுல. இடக்கையால தேங்காய்ப் பாதியைப் பிடிச்சு வலக்கையால சுத்தணும். வாப்பா கத்தினாங்க, கை வெட்டுப்படும் எண்டு. தெரபிஸ்ட் சரி எண்டாங்க, ஆனா அவங்க பக்கத்துல ஈக்கக்குள்ள மட்டும், இடக்கைக்கு ஒரு தடிச்ச துணி சுத்தி. முதல் நாள் கை வழுக்கி வழுக்கி நாலு சுத்துதான். ஆனா அந்த நாலு சுத்துக்கும் உம்மா இடக்கையையே பாத்துக்கொண்டு ஈந்தாங்க, பாக்காட்டி தேங்காய் விழுந்துடும். அவ்வளவு நாளும் நாங்க இடப்பக்கம் பாருங்க பாருங்க எண்டு சொல்லி நடக்காதது.

---

வெள்ளவத்தை_மகள்

ரெண்டு நாளா எல்லாத்தையும் அம்மாவுக்கு வாசிச்சுக் காட்டினனான். தம்பியின்ர பிளேன்டீ கதைக்கு அம்மா அழுதிட்டா.

ஒரு கேள்வி. நல்ல கையைக் கையுறை போட்டுக் கட்டிப்போட்டு, ஏலாத கையால மட்டும் எல்லாம் செய்யவைக்கிற முறை ஒண்டு இருக்கெண்டு ஃபோனில பாத்தன், அதை வீட்டில செய்யலாமோ? மற்றது, பக்கத்து ஃபிளாட் அன்ரி சொல்லுறா, ஆறு மாசத்துக்குள்ள வந்தது வந்ததுதான், அதுக்குப் பிறகு ஒண்டும் வராதாம். இதைக் கேட்ட நாளில இருந்து நாளை எண்ணிக்கொண்டு இருக்கிறன், நித்திரை இல்லை.

---

கைவேலை

முதல் ரெண்டாவது கேள்வி. முதல் மூண்டு மாசத்திலதான் வேகமா வரும், அது உண்மை, அதால இப்ப கிடைக்கிற நேரத்தை விடக்கூடாது. ஆனா ஆறு மாசத்தோட கதவு பூட்டிப்போடும் எண்டது பிழை. நீங்கள் கேட்ட கையுறை முறையே அதுக்குச் சாட்சி. எட்வர்ட் டாப் எண்ட ஆராய்ச்சியாளர் உருவாக்கினது. 2006ல வந்த பெரிய ஆராய்ச்சியில 222 பேர், எல்லாரும் ஸ்ட்ரோக் வந்து 3 மாசத்துக்கும் 9 மாசத்துக்கும் இடைப்பட்ட ஆக்கள். ரெண்டு கிழமை, முழிச்சிருக்கிற நேரத்தில 90 வீதம் நல்ல கையில கையுறை, வேலைநாளில 6 மணித்தியாலம் வரை பயிற்சி. ஒரு வருசம் கழிச்சுப் பாக்கேக்கயும் அந்த முன்னேற்றம் நிண்டது. ஸ்ட்ரோக் வந்து வருசக்கணக்கான ஆக்களிலயும் டாப் இதைச் செய்து பாத்திருக்கிறார்.

ஆனா தங்கச்சி, நீங்களா வீட்டில கையைக் கட்டாதேங்கோ. அந்த ஆராய்ச்சியில சேத்த ஆக்களுக்கு மணிக்கட்டையும் விரலையும் ஓரளவாவது விரிக்கக்கூடியதா இருந்தது. அப்பாவுக்கு இன்னும் விரல் விரியேல்லை எண்டுறியள். நல்ல கையையும் கட்டி, மற்றது திறக்கவும் மாட்டாமல் இருந்தா மனுசன் நொந்துபோவார். வோக்கர் பிடிக்கிறதுக்கும் அந்தக் கைதான் காவல், விழுந்தா இடுப்பெலும்பு உடையும். தெரபிஸ்ட் பாத்துச் சொல்லட்டும்.

அதுவரைக்கும் கண்ணாடியைக் கேட்டுப் பாருங்கோ. ராமச்சந்திரன் எண்ட நரம்பியல் நிபுணர், தமிழ்நாட்டில பிறந்து சென்னை ஸ்டான்லி மெடிக்கல் கொலிஜில படிச்சவர், கை வெட்டுப்பட்ட ஆக்களுக்கு இல்லாத கையில வாற நோவுக்குக் கண்ணாடிப் பெட்டி செய்தவர். அதைத்தான் பிறகு ஸ்ட்ரோக் கைக்கும் கொண்டுவந்தவை. ஏலாத கை கண்ணாடிக்குப் பின்னால, நல்ல கை முன்னால, நல்ல கையை விரிச்சு மடக்க, கண்ணாடியில பாத்தா ஏலாத கை விரியிற மாதிரித் தெரியும். பொருள் பெரிசாத் தேவையில்லை, உடையாத மாதிரிச் சட்டம் போட்ட ஒரு கண்ணாடி காணும். அதிசயம் நடக்கும் எண்டு சொல்லமாட்டன், ஆனா கொஞ்சமும் அசையாத கையோட இருக்கிற ஆக்களும் செய்யக்கூடியது.

சாப்பாட்டுக்கு வருவம். விழுங்கிறது பிரச்சினை இல்லை எண்டு ஆஸ்பத்திரியில பாத்திட்டினமோ? தண்ணி குடிக்கேக்க இருமினா முதல் அதைக் காட்டுங்கோ. அது சரி எண்டா இப்ப தீத்திறதைக் குறையுங்கோ. கரண்டியில சாப்பிட மாட்டன், இடக்கையால சாப்பிட மாட்டன் எண்டு நிப்பாரெண்டு நினைக்கிறன், எங்கட அப்பாமார் எல்லாரும் அப்பிடித்தான். அப்ப வலக்கையாலயே தொடங்குங்கோ, ஆனா சோத்தில தொடங்காதேங்கோ. சோறு குழைச்சு விரல்நுனியில எடுக்கிறது எல்லாத்திலயும் கஷ்டமான பிடி. முதல் ரோஸ் பாண் துண்டு, நீட்டா வெட்டி, கைமுழுக்கப் பிடிக்கலாம். பிறகு தோசையைச் சுருட்டி. பிறகு இடியப்பம். சோறு கடைசி. முழங்கை மேசையில ஊண்டியிருக்கோணும், பீங்கான் வழுக்காம கீழ ஈரத்துணி. வயித்துப்பசிக்கு முழுச்சாப்பாட்டையும் இப்பிடி வைக்காதேங்கோ, முதல் அஞ்சு வாய் அவர், மிச்சம் நீங்கள். களைச்சுப்போனா விட்டிடோணும், மூளைக் களைப்பு எங்கட களைப்பு மாதிரி இல்லை.

சேட்டுப் போடேக்க ஏலாத கை முதல், கழட்டேக்க ஏலாத கை கடைசி. இதை அம்மாவுக்குச் சொல்லிவையுங்கோ.

---

கொச்சிக்கடை_தமிழ்

மிஸ், ஒரு கேள்வி, தம்பி இப்ப த்ரீவீல் ஓட்டணும்னு நிக்கிறான். வீட்டுல வருமானமும் இல்ல. டீ போடுறான், கடைக்குப் போறான், கணக்கு சரியா சொல்றான். விடலாமா?

---

கைவேலை

இல்லை தம்பி, இப்ப வேண்டாம். டீக்கு அடுப்பு காத்துக்கொண்டு நிக்கும், ரோட்டில ஒண்டும் காத்துக்கொண்டு நிக்காது. கவனத்தைப் பிரிக்கிறது, சட்டெண்டு முடிவெடுக்கிறது, இதெல்லாம் அடிபட்ட மூளையில கடைசியா வாற சங்கதி, பாக்க நல்லா இருக்கிறதால ஒண்டும் தெரியாது. தலையில அடிபட்டாப்பிறகு வலிப்பும் வரலாம், அதையும் டொக்டர் பாத்துச் சொல்லோணும். வருமானம் இல்லாத வீட்டுக்கு இது கசப்பான பதில் எண்டு எனக்குத் தெரியும். ஸ்டாண்டில த்ரீவீல் கழுவிறது, ஆக்களுக்கு முறை எழுதிறது மாதிரி ஏதும் கேட்டுப் பாருங்கோ, அவன்ர சிநேகிதர்தானே நிக்கினம். அந்த உலகத்துக்குள்ள அவன் திரும்பிப் போறது முக்கியம். ராகமையில அரசாங்கத்தின்ர புனர்வாழ்வு ஆஸ்பத்திரி இருக்கு, மருதானையில ரெயின் எடுத்தா நேர போகலாம், உங்கட கிளினிக் டொக்டரிட்டக் கடிதம் கேளுங்கோ.

---

தெஹிவளை_ரோஜா

வெள்ளவத்தை தங்கச்சி, அப்பா கண் கலங்குறாங்க எண்டு எழுதினீங்க. அதையும் கிளினிக்ல சொல்லுங்க. ஸ்ட்ரோக் வந்தவங்கள்ல கிட்டத்தட்ட மூணுல ஒருத்தருக்கு மனச்சோர்வு வரும் எண்டு எங்களுக்கு சொன்னாங்க, அதுக்கும் மருந்து ஈக்கி. உம்மா ஒரு மாசம் பயிற்சிக்கே எந்திரிக்கல்ல, நாங்க பிடிவாதம் எண்டு நினைச்சோம், மருந்து தொடங்கினாப் பிறகுதான் திரும்ப எந்திரிச்சாங்க.

---

வெள்ளவத்தை_மகள்

ஏழு கிழமைக்குப் பிறகு எழுதிறன், மன்னிச்சுக்கொள்ளுங்கோ.

கிளினிக்கில இப்ப என்னை உள்ளுக்கு விடுகினம். அதே மிஸ்தான். மொழிதான் பிரச்சினை எண்டு நான் விளங்கப்படுத்த அவவே கொப்பியைத் திருத்தி எழுதினவ, இப்ப "அத விரி, மெதுவா" எண்டு தமிழில சொல்லப் பழகிட்டா. முதல் நாள் அவ என்னட்டக் கேட்ட கேள்வி, அப்பா ஒரு நாளில எதைச் செய்யாட்டி அவருக்கு நாள் விடியாது எண்டு. நான் யோசிக்காமலே சொன்னன், விபூதி.

எங்கட அப்பா குளிச்சிட்டு வந்து மூண்டு விரலால நெத்தியில பட்டையாப் பூசாம பச்சைத்தண்ணி வாயில வைக்கமாட்டார். ஸ்ட்ரோக்குக்குப் பிறகு அம்மாதான் பூசிவிட்டவ. அதுக்கு அவர் கண்ணை மூடிக்கொண்டு இருப்பார், நாங்கள் பக்தி எண்டு நினைச்சம்.

மிஸ் அதை வேலையாப் பிரிச்சா. முதல் கிழமை விபூதித் தட்டைத் தொடுறது மட்டும், கை மேசையில. பிறகு மூண்டு விரலையும் சேத்து விரிச்சு வைக்கிறது, அதுக்குத்தான் கண்ணாடியும், விடியவும் பின்னேரமும் கால் மணித்தியாலம். பிறகு இடக்கையால வலக்கை மணிக்கட்டைத் தாங்கிப்பிடிச்சு வாய் மட்டத்துக்கு உயத்திறது. தோள் நோ எண்டா நிப்பாட்டிறது. ஒரு கிழமை முழுக்க மூக்கு மட்டத்துக்கு மேல போகவே இல்லை, மூக்கில, கன்னத்தில, சேட்டில எல்லாம் விபூதி. அம்மா ரெண்டு தரம் கையை நீட்டினவ பூசிவிட, நான் அம்மாவின்ர கையைப் பிடிச்சு வச்சிருந்தனான், என்ர வாழ்க்கையில அம்மாவை அப்பிடித் தடுத்ததில்லை.

போன வெள்ளி பம்பலப்பிட்டிக் கதிரேசன் கோயிலுக்கு வீல்செயாரில கொண்டு போனனாங்கள். ஐயர் விபூதி குடுக்க அப்பா இடக்கையை நீட்டேல்லை. வலக்கையை இடக்கையால தூக்கி நீட்டினார். வாங்கினவர் பாதியைக் கொட்டிப்போட்டார். மிச்சத்தை எடுத்து, தலையைக் கொஞ்சம் கீழ குனிஞ்சு, இடக்கை தாங்க, நெத்தியில பூசினார். மூண்டு கோடும் இல்லை, ஒரு கோடு, அதுவும் சரிஞ்சு இடக்கண் புருவத்துக்குப் போகுது. பூசி முடிச்சுப்போட்டு எங்களைப் பாத்து "சரியோ" எண்டார். தடக்காம வந்த சொல்லு. அம்மா சரி எண்டா.

மற்றபடி, பாண் முடிஞ்சு தோசையில நிக்கிறம், இடியப்பம் இன்னும் சிந்துது. குளிக்கிறதுக்குப் பாத்ரூமுக்குள்ள கை உள்ள பிளாஸ்ரிக் கதிரை போட்டு, சுவரில கம்பி அடிச்சனாங்கள், ஃபிளாட் சொந்தக்காரரிட்ட அனுமதி கேட்டு அதுக்கே ரெண்டு கிழமை போட்டுது. கையுறை முறைக்கு இன்னும் காலம் இருக்காம், விரல் இப்பதான் கொஞ்சம் விரியத் தொடங்கியிருக்கு. நான் இப்ப நாள் எண்ணுறதை விட்டிட்டன்.

ஒரு சின்ன உதவி. சாரம் உடுக்கத்தான் இன்னும் ஏலுதில்லை, ஒரு கையால சண்டிக்கட்டு நிக்குதில்லை, கழண்டு விழுந்தா மனுசன் அண்டைக்கு முழுக்கக் கதைக்கமாட்டார். காற்சட்டை போடமாட்டன் எண்டுறார். ஆராவது வழி கண்டிருக்கிறியளோ?

---

கைவேலை

வாசிச்சிட்டுக் கனநேரம் ஒண்டும் எழுத வரேல்லை தங்கச்சி. அந்த மிஸ்ஸுக்கு என்ர அன்பைச் சொல்லுங்கோ.

சாரத்துக்கு இடுப்பில இலாஸ்ரிக் வச்சுத் தைச்சா எல்லாம் சரி. இருந்துகொண்டே காலால ஏத்தி, எழும்பேக்க இடக்கையால இழுத்துவிடலாம்.

---

மருதானை_மாமா

பிள்ளை, எங்கட மச்சானுக்கும் அப்பிடித்தான் தைச்சது. ஒண்டரை இஞ்சி அகல இலாஸ்ரிக் கேளுங்கோ, ஒடுக்கமானது சுருண்டு வயித்தை வெட்டும். மேல் விளிம்பை மடிச்சு உள்ளுக்கு விட்டுத் தைச்சா வெளியில தெரியாது, பாக்கச் சாதாரண சாரம் மாதிரித்தான் இருக்கும். துணியையும் இலாஸ்ரிக்கையும் புறக்கோட்டையிலயே வாங்கலாம். அப்பாவையும் கூட்டிக்கொண்டு போங்கோ, கடையை அவருக்குத் தெரியும்தானே.